அம்மாவின் தபால் ஓட்டு

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 2022 ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் கீழே இறங்கியதே இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவரை ஓட்டுப் போட வைக்க நான் அலைந்ததை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இவ்வளவு பாடு இல்லை. 80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று அப்போது விதி. வாக்காளர் பட்டியலில் அம்மாவுக்கு 81. எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தானே படியேறி வந்து, வீட்டு ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் 12-டி படிவத்தைக் கொடுத்து, எழுதி வாங்கிப் போனார். கொரோனா பயம் இருந்த நேரம், நாங்களும் சரி என்றோம்.

அதே நினைப்பில் 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலுக்கும் விசாரித்தேன். அப்போது முட்டி வலியால் அம்மாவுக்குப் படி இறங்க முடியாது. வார்டு தேர்தலில் முதியவர்களுக்கு வீட்டு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம், மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அம்மா கைப்பிடிச் சுவரை விடவே இல்லை. திரும்பி வந்து படுத்தவர், "இன்னொரு வாட்டி என்னை இப்படித் தூக்காதடி"ன்னார்.

அதனால் 2024 மார்ச் 16 அன்று தேதி அறிவித்ததுமே நான் 12-டி பற்றிக் கேட்கக் கிளம்பிவிட்டேன். அங்கேதான் இடி. மார்ச் முதல் தேதியிலேயே விதியை மாற்றி, 80 என்பதை 85 ஆக்கிவிட்டார்கள். பட்டியலில் அம்மாவுக்கு 84.

உண்மையில் அம்மாவுக்கு 86. "சுதந்திரம் வந்தப்ப எனக்கு ஒம்போது வயசு, காசிமேட்ல கொடி குத்தி மிட்டாய் குடுத்தாங்க" என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் பிறப்புச் சான்று கிடையாது. எப்போதோ ரேஷன் கார்டுக்கு யாரோ குத்துமதிப்பாக எழுதிய வயதுதான் அப்படியே வாக்காளர் அட்டைக்கும் வந்திருக்கிறது. நான் விசாரித்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "85 ஆகலைம்மா, பூத்துக்குக் கூட்டிட்டு வாங்க, வீல்சேர் இருக்கும்" என்று முடித்துவிட்டார். வீல்சேர் பூத் வாசலில் இருக்கும், மூன்றாவது மாடிக்கு யார் கொண்டு வருவது? மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னொரு வழி இருப்பதை அவர் சொல்லவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு வார்த்தை தெரியாமல் எத்தனை பேர் அப்படியே வீடு திரும்பியிருப்பார்கள்?

வழி இதுதான்: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று அரசுச் சான்று இருந்தால் வயது எதுவானாலும் 12-டி கொடுக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு பென்ஷனுக்காக ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வாங்கிய சான்றில் 60 சதவீதம் என்று இருந்தது. ஆனால் சான்று மட்டும் போதாது, வாக்காளர் பட்டியலிலும் மாற்றுத்திறனாளி என்று குறித்திருக்க வேண்டும். அங்கேதான் எங்களுக்கு அதிர்ஷ்டம். 2023 நவம்பரில் மாநகராட்சிப் பள்ளியில் நடந்த சிறப்பு முகாமுக்கு, பெண்ணின் பெயரைச் சேர்க்கப் போயிருந்தேன். அம்மாவின் நிலையைப் பேச்சுவாக்கில் சொன்னதும் பி.எல்.ஓ., "அப்ப பட்டியல்ல திருத்தம் பண்ற எட்டாம் படிவம் ஒண்ணு போட்டுடுங்கக்கா, அதுல மாற்றுத்திறனாளின்னு குறிக்க ஒரு கட்டம் இருக்கு" என்று கையில் திணித்தார். அன்றைக்கு அது எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை.

வேட்புமனு அறிவிக்கை மார்ச் 20. அதிலிருந்து ஐந்து நாள்தான், 25-ஆம் தேதிக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். எட்டாம் படிவம் போட்டு, அது பட்டியலில் ஏறி வருவதற்கு அந்த ஐந்து நாள் எந்த மூலைக்கு? நவம்பரில் போட்டிருக்காவிட்டால் நான் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டுதான் இருந்திருப்பேன். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் தேர்தல் வரட்டும் என்று இருக்காதீர்கள். பட்டியலில் வயது என்ன இருக்கிறது, குறைபாடு ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பி.எல்.ஓ. யார் என்று தெரியாவிட்டால் 1950-க்கு போன் செய்து கேளுங்கள்.

21-ஆம் தேதி பி.எல்.ஓ. வந்தார். பாகம் எண், வரிசை எண், அட்டை எண், போன் நம்பர் எழுதி, சான்றின் ஜெராக்ஸ் வைத்து, அம்மாவின் இடது கைப் பெருவிரலை வைத்துக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இனிமே பூத்துக்கு வந்தா போட முடியாது, பட்டியல்ல தபால் ஓட்டுன்னு குறிச்சிடுவாங்க. டீம் வர்றப்ப ஆள் இல்லன்னா இன்னொரு வாட்டி வருவாங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தபால் ஓட்டு என்றதும் அம்மா போஸ்ட்மேனை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்ட்மேனும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. ஏப்ரலில், முதல் நாளே போன் செய்து சொல்லிவிட்டு, தேர்தல் அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கும் பையன் எல்லாரும் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். அம்மா காலையிலேயே பச்சைச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டிரங்குப் பெட்டிமேல் அட்டை மறைப்பை நிறுத்தினார்கள். "ஆயா, நிதானமா போடுங்க" என்று அலுவலர் சொல்ல, வீடியோ பையன் அந்தாண்ட திரும்பிக்கொண்டான். "கூட ஆள் வேணுமா ஆயா?" என்றதற்கு அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எங்களையும் சமையலறைக்குப் போகச் சொன்னார். இடது கையில் பேனா. அட்டைக்குப் பின்னால் காகிதம் நகர்ந்து நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. வலது கை இருந்தால் அதை அழுத்திப் பிடித்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து சத்தம் நின்றது. முழங்கையைக் காகிதத்தின்மேல் ஊன்றிக்கொண்டு போட்டாராம், அப்புறம் சொன்னார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஓட்டுச்சீட்டைத் தானே மடித்துச் சின்னக் கவரில் போட்டார். உறுதிமொழிப் படிவத்தில் அம்மா கைநாட்டு வைக்க, அலுவலர் சான்றொப்பமிட்டார். இரண்டையும் பெரிய கவரில் வைத்து ஒட்டி எடுத்துக்கொண்டார்கள். மோர் கொடுத்தேன், போலீஸ்காரர் மட்டும் குடித்தார். இன்னும் பல வீடு பாக்கி என்று இறங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 19 வந்தது, நாங்கள் போய்ப் போட்டு வந்தோம். ஜூன் 4 காலை ஏழரைக்கே அம்மா டிவியைப் போடச் சொன்னார். வட சென்னைக்கு ராணி மேரி கல்லூரியில் எண்ணிக்கை. எட்டு மணிக்கு முதலில் தபால் ஓட்டுகளை எண்ணுகிறார்கள் என்று செய்தி வாசித்தவர் சொன்னதும், இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சத்தத்த ஏத்துடி, என்னுது அதுலதான் இருக்குது"ன்னார்.