மூடி வைத்த சோறு

தங்கை மகனுக்கு 15 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் சாவி அவன் அப்பத்தாவிடம் இருந்தது. வாரம் ஒருமுறை திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு வருவார். அந்தச் சாவியை எடுத்துப்போய், இரண்டு பித்தளைக் குடங்களையும் ஒரு மங்கு (எனாமல்) கேரியரையும் சாக்கில் கட்டிப் பழம்பொருள் கடைக்குத் தூக்கிச் சென்றுவிட்டான். கடைக்காரர் அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சென்னையிலிருக்கும் வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டுவிட்டார்.

அவன் அப்பா சிங்கப்பூரில். தாய்மாமன் நான்தான் ஓடினேன். காவல் நிலையத்தில் சாதாரண உடையில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி அவனோடு பேசிக்கொண்டிருந்தார். கொடிய குற்றமில்லை, பெரியவர்கள் கூட்டும் இல்லை என்பதால் முதல் தகவல் அறிக்கை போடவில்லை. பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி பற்றி ஒரு படிவம் நிரப்பி, தாயோடு அனுப்பிவிட்டார். பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கவே கூடாதாம். ஊரில் ஒருவர் 'பத்தாயிரம் கொடுத்தால் முடித்துவிடலாம்' என்றார். நல்லவேளை, அன்று என் கையில் பத்தாயிரம் இல்லை.

சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் சிவகங்கையில். ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள். கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை. நன்னடத்தை அலுவலர் விசாரித்து, அவன் வீடு, பள்ளி, பழக்கவழக்கம் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். அலுவலர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டையே ஒத்திகை பார்க்க வைத்தேன். யார் என்ன சொல்ல வேண்டும் என்று தங்கைக்கும் அப்பத்தாவுக்கும் பாடம் நடத்தினேன்.

மாலை நான்கு மணிக்கு வந்தார் அந்த அம்மா. திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி யாரோடு சாப்பிடுவான்?" என்று கேட்டார். "எல்லாரும் சேர்ந்துதான்" என்றாள் தங்கை, சொல்லிக்கொடுத்தபடியே. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், அடுப்படி மூலையில் தட்டுப் போட்டு மூடியிருந்த சோற்றைப் பார்த்தார். "இது யாருக்கு?" மதியச் சோறு. அவன் எங்கே போனான், எப்போது வருவான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தங்கை உடைந்து அழுதாள்.

அதன் பிறகுதான், முன்பே பள்ளிக்குப் போய் வந்ததாகச் சொன்னார். இரண்டு மாதமாக அவன் வகுப்புக்கே போகவில்லையாம். செல்போன் விளையாட்டில் விட்ட பணம், அதற்குப் பெரிய பையன்களிடம் வாங்கிய கடன், எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. அவர் எதையும் மறைக்காமல் எழுதினார். அந்த அறிக்கையை வைத்துத்தான் குழுமம் முடிவெடுத்தது: ஓர் ஆண்டு தாயின் பொறுப்பில், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆற்றுப்படுத்துதலுக்கு (கவுன்சலிங்) போக வேண்டும். சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சட்டப்படி மூன்று ஆண்டு வரைகூட இப்படிக் கண்காணிப்பில் வைக்கலாம்.

என் கவலையெல்லாம் பின்னாளில் அவன் சிங்கப்பூர் போவதைப் பற்றித்தான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டினார் அலுவலர். இதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது, உரிய காலத்துக்குப் பின் ஆவணங்களையும் அழித்துவிடுவார்கள் என்றார்.

போன மாதம் ஆச்சி வந்திருந்தார். பரணிலிருந்து சாமான் இறக்க அவனைத்தான் கூப்பிட்டார். அவன் வெளியே வரும்வரை அப்பத்தா நிலைவாசலில் நின்று, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.