கட்டமரானில் லோ தீவுகளுக்கு ஒரு நாள்

போர்ட் டக்ளஸ் படகுத்துறையில், கட்டமரான் என்ற இரட்டை உடல் பாய்மரப் படகில் ஏறுவதற்கு முன்பு எல்லோரும் செருப்பைக் கழற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும் என்றார்கள். கோயில் வாசலில் பழகிய காரியம் என்பதால் நானும் மனைவியும் முதல் ஆட்களாகக் கழற்றிவிட்டு ஏறிவிட்டோம். மற்றவர்கள் ஷூ நாடாவோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் முன்பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ர்ன்ஸ் நகருக்கு வடக்கே கடலோரச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் போர்ட் டக்ளஸ் வரும். அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பெருந்தடுப்புப் பவளத்திட்டின் உள்பக்கத்தில் லோ தீவுகள் இருக்கின்றன. 1770இல் அவ்வழியாகச் சென்ற கேப்டன் குக், கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரிந்ததைப் பார்த்து வைத்த பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. தீவுகள் இரண்டு: மணல் திட்டின் மேல் கலங்கரை விளக்கமும் சில மரங்களும் கொண்ட சிறிய லோ தீவு, முழுவதும் சதுப்புநிலக் காடாகிய வுடி தீவு. இரண்டையும் ஒரே பவளத்திட்டு தாங்கி நிற்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் லோ தீவுகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. விசைப்படகில் ஒன்றரை மணி நேரம் விரைந்து வெளித்திட்டுக்குப் போய், ஆழமான நீரில் இறங்கிப் பார்ப்பதே இங்கே பெயர்பெற்ற பயணம். கெய்ர்ன்ஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான், "மாமா, பவளம் அங்கேதான் அழகு. ஆனா நடுக்கடலில் குதிக்கணும். உங்களுக்கு லோ தீவுதான் சரி" என்றான். எனக்குக் குளத்து நீச்சல் தெரியும், கடல் நீச்சல் தெரியாது. மனைவிக்கு இரண்டுமே தெரியாது. அவன் சொன்னதில் கொஞ்சம் ரோஷம் வந்தாலும், பேசாமல் ஒப்புக்கொண்டேன். இப்போது யோசிக்கையில், நீச்சல் நன்றாகத் தெரிந்திருந்தாலும் இதையே தேர்ந்தெடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. காரணம், வெளித்திட்டுக்குப் போகிற வேகப்படகுகளில் பாய் கிடையாது.

படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வளர்ந்த எனக்கு, கட்டுமரம் என்றால் நான்கைந்து மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடுக்கு வழியே அலை ஏறி இறங்க, அதன்மேல் நின்றபடி துடுப்புப் போடுகிற மனிதர்தான் நினைவுக்கு வருவார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போட்டுவிடுவார்கள். மறுநாள் விடியலில் மறுபடி கட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, சொல்லையும் சேர்த்தே தன் பயண நூலில் எழுதிவைத்தார். பிறகு அந்தச் சொல், பசிபிக் தீவு மக்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த இரட்டை உடல் படகின் வடிவத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படியொரு படகைக் கட்டிப் பந்தயத்தில் ஒற்றை உடல் படகுகளையெல்லாம் பின்தள்ளியபோது அதை இப்பெயராலேயே குறித்தார்கள். ஆகவே நாங்கள் ஏறிய வெள்ளைக் கண்ணாடியிழைப் படகுக்கும் என் ஊர்க் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. மாலுமிகளில் ஒருவரிடம் இது எங்கள் சொல் என்று சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கயிற்றை விடச் சொன்னார். நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

கழிமுகத்தைத் தாண்டும்வரை இயந்திரத்தில் போனோம். அந்தக் கழியில் முதலைகள் உண்டு, நீரில் இறங்காதீர்கள் என்று கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். வாய் தாண்டியதும் பெரும்பாயை ஏற்றினார்கள். பயணிகளில் விருப்பமுள்ளவர்கள் கயிறு இழுக்கலாம் என்றதும் நானும் போய் இழுத்தேன். பாய் காற்றைப் பிடித்த அந்தக் கணத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கி, இரண்டு உடல்களுக்கும் நடுவில் நீர் சலசலத்து ஓடுகிற ஓசை மட்டும் எழுந்தது. அந்தக் கரையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. நம் கணக்கில் கொண்டலுக்கும் தென்றலுக்கும் இடைப்பட்ட திசை. நாங்கள் போக வேண்டியது வடகிழக்கே என்பதால் காற்று பக்கவாட்டில் வந்து பாயை நிரப்பியது. ஒற்றை உடல் பாய்மரப் படகாக இருந்தால் இந்தக் காற்றுக்கு நன்றாகச் சாய்ந்திருக்கும். இதில் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நடக்கலாம். முன்பக்கத்தில் இரண்டு உடல்களுக்கும் நடுவே வலை கட்டியிருக்கிறார்கள். அதில் குப்புறப் படுத்துக்கொண்டால் முகத்துக்குக் கீழே ஒரு முழ தூரத்தில் கடல் ஓடுகிறது. சில நேரங்களில் அது வலை வழியே ஏறி முகத்தில் அறையவும் செய்கிறது.

ஒரு மணி நேரத்தில் தீவு வந்தது. நங்கூரம் போட்டால் பவளம் உடையும் என்பதால், அங்கே நிலையாக மிதக்கவிட்டிருக்கும் மிதவையில் படகைக் கட்டுகிறார்கள். அதற்குள் எங்கள் கையில் மருத்துவப் படிவம் வந்துவிட்டது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, அறுபது வயது கடந்தவர்கள் என்று யாரெல்லாம் ஆபத்துக்கு உட்பட்டவர்களோ அவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, மிதவை கொடுத்துத் துணையோடுதான் நீரில் விட வேண்டும் என்பது குயின்ஸ்லாந்தில் விதி. படிவத்தில் பொய் எழுதுவது வீரம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. தயவுசெய்து இங்கே அதைக் காட்ட வேண்டாம். பிறகு கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் லைக்ரா உடையைத் தந்தார்கள். நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் கொடிய ஜெல்லி மீன்கள் வரும். நம் கரையில் சொறி என்பார்களே, அதன் கொலைகார உறவுகள். நாங்கள் போனது அக்டோபரில் என்றாலும், வெயிலுக்கும் நல்லது என்று எல்லோருமே மாட்டிக்கொண்டோம். அந்த உடையில் என் தொப்பையைப் பார்த்த மனைவி வெகுநேரம் சிரித்தார்.

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை மாட்டி, மூச்சு விடும் குழாயைப் பல்லால் கடித்து, இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்திய ஐந்தாவது நொடியில் மூக்குக்குள் உப்பு நீர் புகுந்தது. எழுந்து, துப்பி, கண்ணாடியை இறுக்கி மறுபடி தாழ்த்தினேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை குழாய்க்குள்ளும் நீர் போய்விட, நின்றால் கால் எட்டும் நீரில் ஒரு கணம் செத்தே போனேன் என்று நினைத்துக் கைகளை அடித்தேன். வழிகாட்டியாக வந்த மாலுமிப் பெண் அமைதியாக அருகில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் பழுதில்லை, உங்கள் மீசைதான் வழி விடுகிறது என்றார். கண்ணாடியின் சிலிக்கோன் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் காற்று அடைபடும். இடையில் மயிர் இருந்தால் அதன் வழியே நீர் கசியும். படகிலிருந்து வாஸ்லின் டப்பா வந்தது. என் மீசைக்கு அதைத் தடவிக்கொண்டிருந்தபோது, "இருபது வருஷமா எடுங்க எடுங்கன்னு சொல்றேன், கேட்டாத்தானே" என்றார் மனைவி. அவர் அதற்குள் நீளமான நுரைக் குழல் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீச்சலே தெரியாமல், மிகச் சுலபமாக மிதக்கத் தொடங்கியிருந்தார்.

நான்காவது முறை நீர் வரவில்லை. கொஞ்ச நேரம் வேறெதையும் பார்க்காமல் என் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு ஒலி கேட்டது: யாரோ பொரியை மென்று தின்பதைப் போன்ற நறநறப்பு. கிளிமீன்கள் அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைக் கடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தன. பாசியைத் தின்பதற்காகப் பாறையையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. நாங்கள் நின்றிருந்த வெண்மணலின் ஒரு பங்கு அவற்றின் வயிற்றின் வழியே வந்ததுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கடற்கரையில் படுத்திருந்தவர்களை வேறுவிதமாகப் பார்க்கத் தோன்றியது.

லோ தீவுகளில் அதிகம் காணக் கிடைப்பது மென்பவளம். கல்லாக இறுகாமல், நீரின் போக்குக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும். பழுப்பும் மங்கிய பச்சையுமாகத்தான் இருக்கிறது, விளம்பரப் படங்களின் நிறங்கள் இல்லை. ஆனால் அதனிடையே ஒரு ராட்சதச் சிப்பி திறந்து கிடந்தது. அகலம் என் கை நீளம் இருக்கும். ஓட்டின் வளைந்த விளிம்புகளுக்கு நடுவே தடித்த தசை, மயில் கழுத்து நீலத்தில் பச்சைப் புள்ளிகளோடு வெல்வெட் துணிபோல விரிந்திருந்தது. அதற்கு நேர்மேலாக நகர்ந்தேன். என் நிழல் பட்டதும் அந்தத் தசை முழுவதும் ஒரே இழுப்பில் சுருங்கி, ஓடு பாதி மூடிக்கொண்டது. விலகி நின்று காத்திருந்தேன். மெதுவாக, இன்னும் சந்தேகம் தீராததுபோல, மடிப்பு மடிப்பாக மீண்டும் வெளியே வந்தது. அந்த நிறத்துக்குக் கீழே கோடிக்கணக்கான நுண்பாசிகள் வாழ்கின்றன, வெயிலை உணவாக்கிச் சிப்பிக்கும் பங்கு தருகின்றன. நான் அங்கே நின்ற நேரமெல்லாம் அதன் சமையலைக் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்று பொருள்.

பேராமையைக் கண்டது மனைவிதான். என் காலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கடற்புல்லைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த அது எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. தொடாதீர்கள், மேலே போய் நிற்காதீர்கள், மூச்சு வாங்க மேலே வரும் வழியை மறிக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது ஏறி வந்து, மூக்கை வெளியே நீட்டி ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி இறங்கிப் போனது.

அழிவையும் பார்க்காமல் இல்லை. மான்கொம்புப் பவளங்கள் ஒரு பக்கம் முழுவதும் உடைந்த சுள்ளிகளாய்ச் சாம்பல் நிறத்தில் கிடந்தன. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகிறது. சூடு விரைவில் தணியாவிட்டால் இறந்துவிடுகிறது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று பெருந்திட்டு அடுத்தடுத்து வெளிறியதைச் செய்திகளில் படித்திருக்கிறேன். ஆனால் இந்த வெளிறலை முதன்முதலில் கவனித்து எழுதியவர்களில் சிலர் இதே தீவில் தங்கியிருந்தவர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. 1928 ஜூலையில், 28 வயது மாரிஸ் யங் என்பவரின் தலைமையில் பிரிட்டிஷ் அறிவியலாளர் குழு ஒன்று வந்து, லோ தீவில் மரக்குடில்கள் போட்டு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தது. யங்கின் மனைவி மாட்டிதான் குழுவுக்கு மருத்துவர். பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் அடைத்து வைத்து, பாசியின் உதவி இல்லாமல் அவை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். வெப்பம் கூடியபோது பவளங்கள் பாசியை வெளியேற்றியதையும் எழுதிவைத்தார்கள். அன்று அவர்கள் வரைந்த திட்டின் வரைபடத்தை வைத்துத்தான் பிறகு வந்தவர்கள் மாற்றத்தை அளக்கிறார்கள்.

மதிய உணவு படகில். இறாலும் இலைக்கலவையும் ரொட்டியும். உப்பு நீர் குடித்த நாக்குக்கு எதுவும் பிடிபடவில்லை. சாப்பிட்டபின் தீவை நடந்து சுற்றினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவில் 1878இல் கட்டிய கலங்கரை விளக்கம், வெள்ளை உடலும் சிவப்புத் தலையுமாக நிற்கிறது. சுற்றிலும் நிழல், உதிர்ந்த இலைகள். கரையோரம் கணுக்காலளவு நீரில், கறுப்புத் துடுப்பு நுனி கொண்ட சுறாக்குட்டிகள் மூன்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என் மனைவி செருப்பில்லாத காலைச் சட்டென்று மணலுக்கு இழுத்துக்கொண்டார். அவை எங்களைவிட வேகமாகத் திரும்பி ஓடின.

மூன்று மணிக்கு மேல் பாய் ஏறியது. திரும்புவது தென்மேற்கே என்பதால் அதே காற்று இப்போது இடப்பக்கத்திலிருந்து வந்தது. எதிரே டெய்ன்ட்ரீ மழைக்காட்டு மலைகள் மேகத்தைச் சுமந்துகொண்டு நின்றன. பாதி வழியில் வலையில் படுத்திருந்தபோது, எதிர்த்திசையில் தாழப் பறந்து வந்த வெள்ளைப் பறவைகளைப் பார்த்தேன். கடற்பறவை என்று நினைத்தேன். புறாக்கள் என்றார் மாலுமிப் பெண். உடல் பால் வெள்ளை, சிறகின் நுனி கறுப்பு. நியூ கினியிலிருந்து ஆண்டுதோறும் வந்து வுடி தீவில் ஒற்றை முட்டையிட்டு, தாயும் தந்தையும் முறை போட்டு அடைகாக்கின்றனவாம்; முறை இல்லாத புறா கடல் தாண்டி மலைக்காட்டுக்குப் போய்ப் பழம் தின்றுவிட்டு மாலையில் திரும்புகிறது. முதலில் ஐந்தாறு, பிறகு இருபது முப்பது என்று கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. பாயின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே படகைக் கடந்து, நாங்கள் விட்டுவந்த தீவை நோக்கிப் போயின. நான் எண்ணத் தொடங்கி, நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன். உதட்டின் மேல் வாஸ்லின் வெயிலில் உருகி வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.