தோட்டத்து ரயிலுக்கு ஒரு கண்ட்ரோலர்

மார்ச் 8, ஞாயிறு

ஸ்டுட்கார்ட்டில் இந்த வருடம் வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிறு. தோட்டத்தில் ஓட்டும் மாடல் ரயில் சாமான்களை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்தேன். பித்தளைத் தண்டவாளம் 20 மீட்டர், பழைய பொருள் சந்தையில் பேரம் பேசி வாங்கிய ‘ஸ்டைன்ஸ்’ நீராவி எஞ்சின், சுவிஸ் ரேட்டிய ரயில்வேயின் சிவப்பு மின் எஞ்சின், நாலு பெட்டிகள். எல்லாம் எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் மார்க், ஜி அளவு, அதாவது அசலில் 22.5-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 45 மி.மீ. அதை 22.5-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரும் கொசுறும் வரும். நம்ம குன்னூர் ரயிலும் மீட்டர் கேஜ்தானே! இந்தக் கணக்குத்தான் என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டது.

பழைய டிரான்ஸ்பார்மரில் குமிழைத் திருகினால் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே கிளம்புகின்றன. தனித்தனியாக ஓட்ட டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டளை முறை வேண்டும். அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், கட்டளையும் அதே மின்சாரத்தில் துடிப்பாகப் போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். நல்ல வேளை, என் இரண்டு எஞ்சினிலும் டிகோடர் இருக்கிறது.

மார்ச் 14, சனி

‘புதியவர்களுக்கு’ என்று அட்டையில் போட்டிருந்த ஒரு சின்ன டி.சி.சி. கண்ட்ரோலர் செட்டை வாங்கி வந்தேன். 2 ஆம்பியர். பெரிய ரயிலுக்கும் தாங்கும் என்று கடைக்காரர் தலையாட்டினார். ஸ்டைன்ஸ் தனியாகப் போனபோது எல்லாம் சுகம். நாலு பெட்டியோடு சிவப்பு எஞ்சினையும் கிளப்பினேன். ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நூற்றுக்கு நாலு ஏற்றம் இருக்கிறது. அங்கே போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் நின்றுவிட்டது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அதே ரோஜாச் செடி.

சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டது ஒரே கேள்வி: “ஏன்டா, மலை ஏறிச்சா?”

கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதையைப் பார்த்து வளர்ந்தவரிடம், நூற்றுக்கு நாலில் நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? “இன்னும் பாதை முடியலப்பா” என்று சமாளித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஊகத்தில் இன்னொன்று வாங்குவதில்லை, அளந்துவிட்டுத்தான் வாங்குவது என்று முடிவு. முதலில் மல்ட்டிமீட்டரைத் தண்டவாளப் பக்கம் மாட்டினேன். வந்த எண்ணை நம்ப முடியவில்லை. காரணம் புரிந்தது: டி.சி.சி.யில் ஒரு ‘1’ அனுப்ப மின்சாரம் 58 மைக்ரோ நொடி ஒரு பக்கம், இன்னொரு 58 மறுபக்கம் பாய்கிறது. சாதாரண மீட்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மின்சப்ளைக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே மாட்டினேன், அங்கே ஒரே பக்கம் பாயும் நேர் மின்சாரம். இப்போது எண் அசையாமல் நின்றது.

ஸ்டைன்ஸ் 0.5 ஆம்பியர். புகை போட்டால் 0.7. இரண்டு மோட்டார் உள்ள சிவப்பு எஞ்சின் ஏற்றத்தில் 1.6. நான் எதிர்பார்க்காதது பெட்டிகளைத்தான். உள்ளே பழைய இழை பல்புகள், நாலு பெட்டிக்கும் சேர்த்து 0.7. சும்மா நிற்கிற நாலு பெட்டி ஒரு எஞ்சின் அளவுக்குத் தின்கிறது! மொத்தம் 3 ஆம்பியர். இதில் எஞ்சின் தடம் புரண்டு சக்கரம் சிக்கினால் இன்னும் ஏறும். ஐந்துக்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

மார்ச் 28, சனி

ஸ்டைன்ஸின் முன்விளக்கு விளையாட்டுக் காட்டுகிறது. வேகத்தை ஒரு படி கூட்டினால் அணைகிறது, அடுத்த படியில் எரிகிறது. பல்பு லூஸ் என்று நினைத்து, திருகுகளைக் கழற்றி எஞ்சினைக் குடைந்து, ஒரு மத்தியானத்தையே தொலைத்தேன். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது எல்.ஜி.பி.யின் பழைய டிஜிட்டல் முறையான எம்.டி.எஸ். காலத்து டிகோடர். அதற்கு 14 வேகப் படிகள்தான் தெரியும். என் செட் 28 படிக் கணக்கில் பேசுகிறது. அரைப்படியைச் சொல்ல அனுப்பும் பிட்டை இந்தக் கிழம் விளக்கு ஸ்விட்ச் என்று எடுத்துக்கொள்கிறது.

எஞ்சினுக்கு எஞ்சின் படிக் கணக்கை மாற்ற இந்தச் செட்டில் வழியில்லை. பட்டியலில் இதையும் சேர்த்தாயிற்று.

ஏப்ரல் 4, சனி

ஈஸ்டர் விடுமுறை. கேட்லாக்குகளோடு காலை கழிந்தது. மாடல் ரயில் கம்பெனி மெர்க்லினின் சென்ட்ரல் ஸ்டேஷன் 3 கண்ட்ரோலர் அழகுதான், தலைமையகமும் பக்கத்தில் கோப்பிங்கனில்தான். ஆனால் அந்தப் பெரிய தொடுதிரைக்கு நான் தர வேண்டிய காசில் இன்னொரு எஞ்சின் வந்துவிடும். அர்டுய்னோ என்ற சின்ன கம்ப்யூட்டர் பலகையை வைத்து நாமே கட்டிக்கொள்ளும் டி.சி.சி.-இ.எக்ஸ். மலிவு, கையும் துறுதுறுக்கிறது. ஆனால் சால்டரிங் ஆரம்பித்தால் இந்தக் கோடையில் ரயில் ஓடாது என்று மனைவி சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

கடைசியில் ரோக்கோ கம்பெனியின் இசட்21 எக்ஸ்.எல். கண்ட்ரோலரை எடுத்தேன். 6 ஆம்பியர், பெரிய அளவு ரயிலுக்கென்றே வந்தது. கூடவே திருகுக் குமிழ் வைத்த, ஒயர் போட்ட கைக் கண்ட்ரோலர், மல்ட்டிமௌஸ். செல்போனிலேயே ஓட்டலாம் என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், வெயிலில் திரையே தெரியவில்லை. குமிழ் என்றால் கண் ரயிலில் இருக்கும், கை தானாகத் திருகும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட வேறெதுவும் முக்கியமில்லை என்பேன்.

ஏப்ரல் 18, சனி

பார்சல் நேற்று வந்தது. தண்டவாள வோல்ட்டை 20-க்கு வைத்தேன். முதல் வேலையாக, பாதையின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி ஒரு சாவியைக் குறுக்கே வைத்தேன். கண்ட்ரோலர் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தது. 6 ஆம்பியர் துண்டிக்காமல் ஓடினால் தண்டவாள இணைப்பு சூடேறிக் கெட்டுப்போகலாம். அதனால் இந்தச் சோதனையில் மட்டும் சோம்பல் கூடாது.

அப்புறம் ஒரு கூத்து. இரண்டு எஞ்சினுக்கும் எண் 3! ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடிவருகின்றன. சிவப்பை மட்டும் தனித் துண்டுத் தண்டவாளத்தில் வைத்து டிகோடரின் எண்ணை வைத்திருக்கும் அமைப்பான சி.வி. 1-ஐ 7 ஆக்கினேன். மல்ட்டிமௌஸில் ஸ்டைன்ஸுக்கு 14 படி. முன்விளக்கு இப்போது கண் சிமிட்டவில்லை.

வீடியோ காலில் அப்பா. சிவப்பு எஞ்சின் நாலு பெட்டியோடு ரோஜாச் செடியைத் தாண்டி ஏறியது. வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “எஞ்சினை ஏன்டா முன்னாடி மாட்டியிருக்க? மலையில பின்னாடியிருந்துதானே தள்ளும்?”

நாளைக்கு மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.