நாற்பது ஷில்லிங் ஓட்டு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற கிளேர் தொகுதியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அயர்லாந்து விடுதலைத் தலைவர் டி வலேராவிடம்தான் போய் நிற்கும். 1917-ல் கிழக்கு கிளேர் இடைத்தேர்தலில் அவர் ஜெயித்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனசு சுற்றிச் சுற்றி வருவது அதற்கு முந்தைய பழைய கிளேரை. 1801 முதல் 1885 வரை முழுக் கவுண்டியும், அதாவது மாவட்டமும், ஒரே தொகுதி, லண்டனில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்கள்.

அங்கே ஓட்டுரிமை யாருக்கு? ஆயுள்கால குத்தகையில் நிலம் வைத்திருந்து, குத்தகைப் பணம் போக வருஷத்துக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, மதிப்பு தேறினால் போதும். 1793 முதல் கத்தோலிக்கர்களுக்கும் இந்த உரிமை இருந்ததால், பண்ணையார்கள் தங்கள் செல்வாக்குக்காகவே நிலத்தைத் துண்டு துண்டாக்கி இப்படிப்பட்ட வாக்காளர்களை உருவாக்கினார்கள். ரகசிய ஓட்டு வந்தது 1872-ல்தான். அதுவரை பண்ணையாரின் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மாற்றிச் சொன்னால் வீடும் நிலமும் போகலாம்.

1828-ல் கிளேரின் உறுப்பினராக இருந்த வெஸி ஃபிட்ஸ்ஜெரால்டு அமைச்சரானார். அந்தக் காலத்து விதிப்படி, அமைச்சர் பதவி ஏற்றவர் மறுபடியும் தேர்தலில் நின்று ஜெயிக்கவேண்டும். அவர் கெட்டவரும் இல்லை, கத்தோலிக்கர் உரிமைக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டு வந்தவர். அவரை எதிர்த்து, கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் இறங்கினார். கத்தோலிக்கர் வேட்பாளராக நிற்கத் தடையில்லை. ஜெயித்தவர் எடுக்கவேண்டிய உறுதிமொழிதான் தடை, ஏனென்றால் அதில் அவர்களுடைய திருப்பலியை விக்கிரக வழிபாடு என்று சொல்லவேண்டியிருந்தது. சரி, ஜூலை மாதம் என்னிஸ் ஊரில் ஓட்டுப்பதிவு. பாதிரியார்கள் முன்னே நடக்க குத்தகைக்காரர்கள் ஊர் ஊராகத் திரண்டு வந்து, விஸ்கியைத் தொடாமல், பண்ணையாருக்கு எதிராகச் சத்தமாகப் பெயர் சொன்னார்கள். ஓ'கானலுக்கு 2,057, ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982. அந்த 2,057 பேரில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பும்போது பயந்துகொண்டே நடந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உள்நாட்டுக் கலவரம் வந்துவிடுமோ என்று லண்டன் பயந்தது. 1829 ஏப்ரலில் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரச் சட்டம் வந்தது. அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது: அயர்லாந்துக் கவுண்டிகளில் ஓட்டுக்கான தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டு. கவுண்டி வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் மேலிருந்து 40 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தார்கள். கதவைத் திறந்த கையையே வெட்டிவிட்டார்கள். ஓ'கானல் இதைத் தடுக்க இன்னும் கடுமையாகப் போராடியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

புதிய சட்டம் வருவதற்கு முன்பே ஜெயித்தவர் என்பதால் மே மாதம் அவரிடம் பழைய உறுதிமொழியையே கேட்டார்கள். மறுத்தார். இடம் காலி என்று அறிவித்து மறுபடி தேர்தல் வைத்தார்கள். ஜூலையில் கிளேர் அவரைத் திரும்பவும் அனுப்பியது, இந்தத் தடவை போட்டியே இல்லாமல். என்னிஸுக்கு நடந்து வந்து யாரும் பெயர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.