சேலையூரிலிருந்து எட்டுகிற தூரத்தில் ஒரு கருத்தரிப்பு மையம்

எங்களுக்குக் கல்யாணமானது 2019-ல். முதல் இரண்டு வருஷம் யாராவது "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். மூன்றாவது வருஷம் அதற்கும் தெம்பில்லை. 2022 டிசம்பரில், எனக்கு 32 வயது இருக்கும்போது, முதன்முறையாக ஒரு கருத்தரிப்பு மையத்தின் படியேறினோம். ஒரு வருஷம் முயன்றும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் போனது நகரத்துக்குள் இருக்கிற ஒரு பெரிய மையம். நாங்கள் இருப்பது சேலையூர். தாம்பரம் ஸ்டேஷன் வரை பைக், அப்புறம் மின்சார ரயில், இறங்கி ஆட்டோ. விளம்பரத்தில் நூற்றுக்கு எண்பது வெற்றி என்று போட்டிருந்ததை நம்பித்தான் அவ்வளவு தூரம் போனோம். எனக்கு ஏ.எம்.எச். என்று, முட்டை இருப்பைக் கணிக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 1.6 வந்தது. "முட்டை குறைஞ்சுக்கிட்டே வருதும்மா, நேரா ஐ.வி.எஃப். போயிடலாம். மாசக் கடைசிக்குள்ள கட்டினா ஒண்ணேகால் லட்சம்தான்" என்றார் கவுன்சிலர் என்று சொல்லி வந்த பெண். ஐ.வி.எஃப். என்றால் முட்டையை வெளியே எடுத்து லேப்பில் கருவாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. டாக்டரைப் பார்த்தது ஐந்து நிமிஷம். என் கணவருக்கு ஒரு பரிசோதனைகூட எழுதவில்லை. திரும்பும்போது ரயிலில் அழுதேன். அவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதம் பணம் கட்டாததற்கு ஒரே காரணம், கையில் பணம் இல்லை. அதற்குள் ஆபீஸில் ஒரு அக்கா சொன்னது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. "ஊசி ஆரம்பிச்சா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்கேன் இருக்கும்டி. காலையில ஸ்கேன் முடிச்சிட்டு வேலைக்கு ஓடணும். வீட்டுக்குப் பக்கத்துலயே பாரு" என்றார். அவர் அந்த வழியில் நடந்து வந்தவர்.

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் கண்டுபிடித்தது ஒரு சின்ன கிளினிக். வரவேற்பறைச் சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது, அதில் 'நிலை 1' என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ல் வந்தது, அதன்படி நிலை 1 மையத்தில் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற ஐ.யூ.ஐ. மட்டும்தான் செய்யலாம், முட்டை எடுப்பது, கரு வளர்ப்பது, உறைய வைப்பது எல்லாம் நிலை 2 மையத்தில்தான் என்று டாக்டரே விளக்கினார். "எங்களால முடியாததை முதல்லயே சொல்லிடறேன்" என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

முதல் வேலையாக என் கணவருக்கு விந்துப் பரிசோதனை. எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 1.4 கோடி, முன்னோக்கி நீந்துபவை 22 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையாகச் சொல்வது 1.6 கோடியும் 30 சதவீதமும். அவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் உலை பக்கத்தில் நிற்கிறவர். சூடு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். முதலாளியிடம் கெஞ்சி வேறு பிரிவுக்கு மாறினார், சிகரெட்டை விட்டார். அடுத்த முறை 1.9 கோடி, 31 சதவீதம். மூன்று மாதம் வீணாகிவிட்டது என்று நான் அப்போது புலம்பினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்த 1.6-ஐப் பற்றியும் கேட்டேன். ஏ.எம்.எச். என்பது ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணக்குப் போட உதவும், முட்டையின் தரத்தையோ இயல்பாகக் கர்ப்பம் நிற்குமா என்பதையோ அது சொல்லாது என்றார். ஒரே ஒரு எண்ணை வைத்து என்னை ஐந்து வாரம் தூங்க விடாமல் செய்திருந்தார்கள்.

கருக்குழாய் பரிசோதனை பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். மாதவிலக்கு முடிந்த சில நாளில், கர்ப்பப்பை வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மாதவிலக்கின் முதல் நாள் வயிற்றுவலி இரண்டு மடங்காக வந்ததுபோல் சில நிமிஷம். அரை மணிக்கு முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கலாம். இரண்டு குழாயும் திறந்திருந்தன.

குழாய் திறந்திருக்கிறது, எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது என்பதால் ஐ.யூ.ஐ. மூன்று முறை பார்க்கலாம் என்று முடிவானது. முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள், பிறகு ஸ்கேன், முட்டை வளர்கிற பை 18 மில்லிமீட்டர் தாண்டியதும் அது உடைவதற்கு ஒரு ஊசி, 36 மணி நேரத்தில் கழுவிச் சுத்தப்படுத்திய விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது. "ஒரு தடவைக்குப் பத்துல ஒண்ணு, கொஞ்சம் மேல. அவ்வளவுதான் வாய்ப்பு" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்கேன் காலை ஏழு மணிக்கு. பைக்கில் பத்து நிமிஷம். ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருப்பேன், லீவு போடவில்லை, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா சொன்னதன் அருமை அப்போது புரிந்தது.

இரண்டு முறையும் நாள் தவறாமல் மாதவிலக்கு வந்தது. மூன்றாவது முறைக்கு 2023 டிசம்பர் 2, சனிக்கிழமை ஸ்கேனில் முட்டை தயார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, கிளினிக் போனும் எடுக்கவில்லை. கையில் ஃபைலை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜனவரியில் விட்டதைச் செய்தோம். அதுவும் நிற்கவில்லை.

ஐ.வி.எஃப். என்றானதும் மறுபடி மருத்துவமனை தேடல். இந்த முறை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் நான்கு நிலை 2 மையங்களுக்கு நேரில் போனோம்.

வெற்றி சதவீதம் என்று யார் சொன்னாலும், எதற்கு எது என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதையா, இதயத்துடிப்பு தெரிந்ததையா, குழந்தை கைக்கு வந்ததையா? எந்த வயதுக்கு? கரு வைத்தவர்களில் இத்தனை பேருக்கா, ஊசி ஆரம்பித்தவர்களில் இத்தனை பேருக்கா? இரண்டு இடங்களில் பதில் வரவில்லை. ஒரு டாக்டர், "உங்க வயசுக்கு, ஒரு கரு வச்சா, குழந்தை பிறக்கிற வாய்ப்பு 35லேர்ந்து 40" என்றார். எண்பது சொன்ன இடத்தைவிட முப்பத்தைந்து சொன்ன இடத்தில் எனக்கு நிம்மதி கிடைத்தது.

லேப்பில் கருவை உருவாக்கிப் பார்த்துக்கொள்கிற கருவியலாளர் நிரந்தரமாக இருக்கிறாரா என்றும் கேட்டேன். புறநகரில் இது முக்கியம். சில மையங்களில் அவர் வெளியிலிருந்து மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் வருவார். அந்தத் தேதிக்குத் தோதாகப் பத்துப் பெண்களின் மாதவிலக்கை மாத்திரை கொடுத்துத் தள்ளி ஒன்றாக்குவார்கள். உடம்பு எப்போது தயாராகிறதோ அப்போது முட்டை எடுக்கிற இடம்தான் எனக்கு வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். மிக்ஜாம் கற்றுக்கொடுத்த கேள்வி ஒன்றும் இருந்தது: லேப் எந்த மாடியில், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? நாங்கள் தேர்ந்தெடுத்த குரோம்பேட்டை மையத்தில் லேப் மூன்றாவது மாடி. புயலன்று ஊழியர்கள் அங்கேயே தங்கியிருந்ததாகச் சொன்னார்கள்.

செலவை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். பேக்கேஜ் என்பதில் ஊசி மருந்து, மயக்க மருந்து, உறைய வைப்பது, பிறகு கரு வைப்பது எதெல்லாம் சேரும், எதெல்லாம் சேராது என்று. முதல் மையத்தின் ஒன்றேகால் லட்சத்தில் ஊசியே சேராது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு முட்டை எடுத்து உறைய வைப்பது வரை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், அதில் ஊசி மட்டும் எழுபதாயிரம். ஒவ்வொரு முறை கரு வைக்கவும் நாற்பத்தைந்தாயிரம் தனி. என் வளையல் நான்கும் அடகுக்குப் போயின.

தாம்பரத்து டாக்டரிடம் போய்ச் சொன்னேன், கோபப்படுவாரோ என்ற தயக்கத்தோடு. "ஸ்கேன் இங்கேயே எடுத்துக்கோங்க, ரிப்போர்ட்டை நான் அங்க அனுப்பிடறேன்" என்றார். குரோம்பேட்டை மையமும் ஒப்புக்கொண்டது. இப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள். பத்து நாள் ஊசியில் ஐந்து ஸ்கேன். இரண்டே முறைதான் குரோம்பேட்டைக்குப் போனேன், முட்டை எடுக்கும் நாளையும் சேர்த்து.

ஊசியை என் கணவர் போடக் கற்றுக்கொண்டார். ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி. முதல் நாள் என்னைவிட அவர் கைதான் நடுங்கியது. 2024 பிப்ரவரியில் 11 முட்டை எடுத்தார்கள். 8 முதிர்ந்தவை. விந்தணு பலவீனம் என்பதால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறை. 6 கருவாயின, ஐந்தாம் நாள் 4 மிஞ்சின. வயிறு வீங்கி மூச்சு முட்டினால், ஒரே நாளில் எடை கூடினால் உடனே வரச் சொல்லி எழுதியே கொடுத்திருந்தார்கள். சினைப்பை அதிகம் தூண்டப்படுவதால் வரும் ஆபத்து அது. எனக்கு லேசான உப்புசத்தோடு போயிற்று. உடம்பு தேறட்டும் என்று நான்கையும் உறைய வைத்தார்கள்.

மே மாதம் முதல் கரு வைத்தார்கள். தங்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் என் மாமியார் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, பப்பாளியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. படுத்தே இருப்பதால் பலன் கூடாது என்று டாக்டர் சொல்லியும் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. தோற்றபின், எழுந்து நடந்ததாலோ என்று யாரும் கேட்க வழியில்லாமல் போனது மட்டும் ஒரு ஆறுதல். அடுத்த முறை இரண்டு கருவாக வைக்கலாமா என்று நானே கேட்டேன். இரட்டைக் குழந்தை என்றால் குறைமாதம், ரத்த அழுத்தம் என்று ஆபத்துகளைச் சொல்லி, ஒன்றே போதும் என்றார் டாக்டர்.

அம்மா திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்தாள். தினமும் சாப்பிட்டேன், ஃபோலிக் அமில மாத்திரையையும் விடவில்லை. அக்டோபர் 1-ம் தேதி இரண்டாவது கரு. மறுநாளே ஆபீஸ் போனேன். மாமியாரிடம் என் கணவர் பேசிக்கொண்டார். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவை லேப்பிலிருந்து போனில் சொன்னபோது, தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நின்ற பூக்காரம்மா "என்னாச்சும்மா?" என்று கேட்டார். சொன்னேன். முதலில் தெரிந்துகொண்டது அவர்தான்.

மகள் 2025 ஜூனில் பிறந்தாள். மீதி இரண்டு கருக்கள் குரோம்பேட்டை லேப்பில், மூன்றாவது மாடியில் இருக்கின்றன. சட்டப்படி பத்து வருஷம் வரை வைக்கலாம். வருஷக் கட்டணம் மார்ச்சில் கட்ட வேண்டும், இந்த முறையும் கட்டத்தான் போகிறோம். வளையல்களில் இரண்டை மீட்டாயிற்று.