பாட்டியின் செபமாலை

தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்துக்கு அருகில் வாழ்ந்து மறைந்த என் பாட்டி, ஜூலை 26 அன்று கொடி ஏறியதிலிருந்து ஆகஸ்ட் 5 திருவிழா முடியும் வரை ஒரு நாள்கூடத் திருப்பலியைத் தவறவிட்டதில்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் செபங்களின் தமிழ் எளிமையாகி, கோயிலில் எல்லோரும் ‘அருள் நிறைந்த மரியே’ என்று சொல்லத் தொடங்கிய பிறகும், மாலையில் வீட்டில் விளக்கேற்றியதும் அவர் அதே செபத்தைத் தம் தாயிடம் கற்றபடி ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றே செபித்தார். சிறு வயதில் எனக்குப் பொருள் விளங்காத அந்தப் பழைய சொற்கள்தாம் இன்றும் என் செவியில் செபத்தின் ஓசை.

அவருடைய செபமாலையில் அந்த மரியே செபத்துக்குரிய 53 மணிகளுள் பல விரல்பட்டுத் தேய்ந்து மங்கியிருக்கின்றன; அறுந்த ஓரிடத்தில் தூண்டில் நரம்பால் தாமே முடிச்சுப் போட்டிருந்தார். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று அதை எடுத்துச் சென்று, மெழுகுவர்த்தி ஏற்றி, அவருடைய தமிழிலேயே செபிக்கிறேன்.