மானாவாரிச் செடி

“ஏட்டி, தண்ணி ஊத்துனா ஒரு செடி சாவுமா?”

வாசலோரத்து ஐரிஸ் இலைகள் அம்மா கையில் இருந்தன. லேசாக இழுத்ததுமே வந்துவிட்டனவாம். கீழே கிழங்கு கொழகொழவென்று அழுகியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

திசையன்விளையிலிருந்து அமெரிக்காவின் சான்டா க்ரூஸ் வந்து 14 வருடம். 2015 ஏப்ரலில், பெரும் வறட்சியால் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கக் கலிபோர்னியா ஆளுநர் உத்தரவிட்டார். அந்த வருடம்தான் புல்தரையைக் காயவிட்டு டக்ளஸ் ஐரிஸ் வைத்தேன். இந்தக் கடற்கரைக்கே சொந்தமான செடி. ஊதாப்பூவில் மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று தழைந்திருக்கும். அக்டோபர் தொடங்கிப் பெய்யும் குளிர்கால மழையே அதற்குப் போதும். கோடையில் உறங்கும், அப்போது சூடான மண்ணில் ஈரம் தங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

அம்மா வந்தது ஜூலையில். நான் வேலைக்குப் போனபின் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். வாடிய செடியைப் பார்த்துச் சும்மா இருக்க அவளால் ஆகாது. கிணறு வற்றுகிற சித்திரையிலும் குளிக்கிற தண்ணீர் பிச்சிக்கொடிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டி வைத்திருப்பாள். அதில் நான் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். இன்றும் எனக்குப் பிச்சி வாசனை சோப்பு வாசனையோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறது.

“வந்த எடத்துல ஒரு உசுரக் கொன்னுட்டேனே” என்று அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“நம்ம வேலியில கண்வலிக்கிழங்கு கெடக்குல்லாம்மா, அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?” என்றேன். மழை விழுந்ததும் கொடி வரும், செங்காந்தள் பூக்கும், பிறகு காய்ந்துபோகும். கோடையில் மண்ணுக்குள் கிழங்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்ப இது மானாவாரின்னு சொல்லு.”

இத்தனை வருடம் இந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் இன்னொன்று சொன்னேன்: வட கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் ஐரிஸ் இலையின் ஓரங்களில் ஓடும் நாரை உரித்துக் கயிறு திரித்து, வலையும் மான் பிடிக்கும் கண்ணியும் செய்தவர்கள். அவ்வளவுதான். காய்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு அம்மா திண்ணையில் உட்கார்வதுபோல வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். நகத்தால் கீறி, நாரை உருவி, தொடையில் வைத்துத் திரித்தாள். “பனைநாரு அளவுக்குக் கெட்டி வராது. ஆனா நல்ல நாருதாம்ட்டி.” அந்தச் சாயங்காலம் எனக்கு இந்த வீடு முதன்முறையாக எங்கள் வீடாக இருந்தது.

அம்மா ஊருக்குப் போனாள். ஐப்பசி மழை இங்கும் விழுந்தது. மிச்சமிருந்த குத்தில் வெள்ளை வேர் விட்டிருந்தது. பெயர்த்து நட அதுதான் பருவம். மூன்றாகப் பிரித்து நட்டேன். மார்ச்சில் பூத்ததும் போனில் காட்டினேன்.

அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள். பிச்சிக்கொடியைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது அந்த ஐரிஸ் கயிறு.